காற்றுக்கும் அதே சொல்தான்

என் கடைவாசலில் ஒரு பலகை தொங்குகிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து. டி, ஆர், ஏ என்று மூன்றே எழுத்து. அப்புறம் கடைசிவரை வெறும் நீலம். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, பெயின்ட் தீர்ந்துபோச்சா என்று கேட்பார்கள். பெயின்ட் ஒரு டப்பா நிறைய இருந்தது. ஊர்தான் ஒத்துப்போகவில்லை.

கடைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பாதாம் மரம். அதன் அடியில் ஒரு மேஜை. மேஜைமேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை. காய்களுக்குப் பதிலாக பீர் பாட்டில் மூடிகள். ஒருவருக்கு மல்லாந்த மூடி, மற்றவருக்குக் கவிழ்ந்த மூடி. எதிராளியின் மூடியைத் தாண்டித் தாண்டி வெட்டிக்கொண்டே போய் அந்தப் பக்கத்துக் கடைசி வரிசையைத் தொட்டுவிட்டால் ராஜா. இந்த ஆட்டத்துக்கு டிராஃப்ட்ஸ் என்று பெயர். பார்படோஸ் தீவு முழுக்க ஆடுவார்கள், ஆனால் எங்கள் கன்னர்ஸ் பேயில் ஆடுகிற மாதிரி வராது. மூடியை மேஜையில் அறைகிற அறையில் என் கடை அலமாரியில் ரம் பாட்டில்கள் கிணுகிணுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஆட்டத்தில் சேர்த்தி இல்லை.

'டிராஃப்ட்ஸ் இங்கே ஆடலாம்' என்று எழுதி மாட்டினால் நாலு பேர் வருவார்கள், நாலு பேர் வந்தால் எட்டு பாட்டில் போகும் என்று எனக்கு ஒரு கணக்கு. பெயின்டர் வந்து மூன்று எழுத்து போட்டுவிட்டு நாலாவதற்குத் தூரிகையை முக்கும்போது எல்காக் சார் வந்து நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"அடுத்து யூ. அப்புறம் ஜி, ஹெச், டி. நிதானமாப் போடுப்பா" என்றார்.

மேஜையில் உட்கார்ந்திருந்த டாப்பின் திரும்பிப் பார்த்தான். டாப்பின் தச்சுவேலைக்காரன். இளவயதில் கொஞ்சகாலம் புரூக்ளினில் இருந்துவிட்டு வந்தவன். அதை ஊரும் மறக்கவில்லை, மறக்க அவனும் விடவில்லை.

"எஃப் போடு, டி போடு, வீட்டுக்குப் போ. புரூக்ளின்ல அப்படித்தான். ரெண்டு எழுத்து மிச்சம்."

"புரூக்ளின்ல கோட்டு மேல கோட்டு போடுறான். நீயும் போட்டுக்கிட்டு இந்த வெயில்ல உக்காரேன்."

"வாயில வராத ஜி எதுக்கு சார்? ஹெச் எதுக்கு? வேலைக்கு வராம பந்திக்கு மட்டும் வர்ற சொந்தக்காரன் மாதிரி."

பெயின்டர் இவரைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனான். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கு எல்காக் சார் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடமே நடத்தினார். "ஐவி, அந்த ஒரு சொல்லுக்குள்ள எத்தனை குடும்பம் குடியிருக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பலகை இடுக்கில் புகுந்து வருகிற காற்றுக்கும் டிராஃப்ட் என்றுதான் பெயராம். படகின் அடிவயிறு எவ்வளவு ஆழம் தண்ணீரில் முங்குகிறதோ அதற்கும் அதே பெயர். பீப்பாயிலிருந்து பிடித்துத் தருகிற பீர், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குகிற மருந்து, அந்தக் காலத்தில் கரும்பு வண்டி இழுத்த கோவேறு கழுதை, பேங்கில் எழுதித் தருகிற காகிதம், எனக்காக சார் கவர்ன்மென்டுக்கு அடித்தடித்து எழுதுகிற மனுவின் முதல் பிரதி, எல்லாம் அதுவேதான். சிலதுக்கு ஜி, ஹெச் உண்டு, சிலதுக்கு எஃப், சிலதுக்கு ஊருக்கு ஊர் மாறும். பைபிளில் பேதுருவின் வலை கிழியக் கிழிய ஏறிய மீன்குவியலுக்கும் அதே சொல்தான் என்றார்.

"எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான். இழுக்கிறது. காத்தை இழுக்கிறது, வலையை இழுக்கிறது, காயை இழுத்து வைக்கிறது."

"அப்ப நீங்களும் டிராஃப்ட்தான் சார்" என்றான் டாப்பின். "மத்தியானத்துலேருந்து இழுத்துக்கிட்டே இருக்கீங்களே."

அந்தச் சொல் எத்தனை வேஷம் போட்டாலும் சரி, ஒடெஸா ப்ளென்மனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். காற்று. கார்லைல் யியர்வுட்டுக்கும் அதே காற்றுதான். அவளுக்கு அது எமன். அவருக்கு அது உயிர். இந்த இரண்டு பேரும் தலை நரைத்த பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன், கண்ணுகளா.

ஒடெஸா என் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். துணி தேய்ப்பது அவள் தொழில். மரவள்ளிக் கஞ்சி போட்டு அவள் தேய்த்த கோயில் பாடகர் அங்கியைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே எழுந்து நின்று பாடும். தேய்க்கிற அறை வீட்டின் பின்பக்கம். ஆனால் அந்தப் பின்கதவை அவள் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவளுடைய அக்காவும் இதே தொழில்தான். ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் தேய்த்துவிட்டு, உடம்பெல்லாம் கொதிக்கக் கொதிக்கப் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றாளாம். கிழக்கிலிருந்து வந்த காற்று நெஞ்சில் இறங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் அடக்கத்துக்குத்தான் பாட்டுப் பாடினார்கள். டாக்டர் காகிதத்தில் வேறு என்னவோ எழுதினார். ஊர் டிராஃப்ட் என்றே சொன்னது. தேய்த்த சூட்டோடு காற்றில் போனால் நெஞ்சு அடைக்கும், இல்லையென்றால் வாய் கோணிக்கொள்ளும் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒடெஸா ஜன்னல் இடுக்கில்கூடத் துணி அடைத்து வைத்திருந்தாள்.

கார்லைல் மீன்பிடிப் படகின் கேப்டன். பாதி ஆயுசு படகின் மேல்தட்டில், வானத்தைப் பார்த்தபடி தூங்கிய மனுஷன். கரைக்கு வந்து கட்டிக்கொண்ட வீடு ஒற்றை அறை. முன்பக்கம் ஒரு கதவு, இரண்டு ஜன்னல், மற்ற மூன்று பக்கமும் வெறும் பலகை. அந்த முன்பக்கத்தைக் கிழக்கே பார்த்து வைத்திருந்தார். மலைமேலிருந்து இறங்குகிற காற்று முழுக்க அவர் கட்டிலுக்குத்தான் முதலில் வரும்.

எங்கள் ஊரில் வீடு நம்முடையது, நிலம் பிறத்தியாருடையது. வீடு கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். நிலத்துக்காரன் போ என்றால் பலகை பலகையாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். கார்லைலின் நிலத்தை யாரோ பங்களா கட்ட வாங்கினார்கள். அவர் வீட்டை எங்கே கொண்டு போவது என்று மேஜையில் பேச்சு வந்தபோது, ஒடெஸா ரொட்டி வாங்க வந்திருந்தாள்.

"என் வீட்டுக்குப் பின்னால இடம் சும்மாத்தான் கிடக்கு" என்றாள், ரொட்டியைப் பார்த்துக்கொண்டே.

கார்லைல் கையில் இருந்த மூடி கையிலேயே நின்றது. "சும்மா இடத்துக்கு வர்றதா, இல்ல..." என்றார்.

"சும்மா வர்றதுக்கு நான் என்ன சத்திரமா நடத்தறேன்?"

டாப்பின் மேஜையைத் தட்டினான். "மாப்ளே! வெட்டு விழுந்துடுச்சு! இனி அவங்கதான் ராஜா, நீங்க வெறும் மூடி!"

ஏற்பாட்டை, மற்றவர்கள் போன பிறகு, என் கண்முன்னால்தான் பேசினார்கள். அவர் வீடு அவள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கிற அகலம் விட்டு நிற்கும். அதன் கதவும் ஜன்னலும் எப்போதும்போலக் கிழக்கே. முதுகுப்பலகை அவள் பின்சுவரைப் பார்த்து இருக்கும். அவருக்கு வேண்டிய காற்று அவருக்கு. அவளைத் தொடாதபடி அவர் வீடே மறைப்பு. கல்யாணம் ஆனதும் முதுகுப்பலகையின் மூலையில் ஒரு சின்னக் கதவு வெட்டித் திரை போட்டுக்கொள்வது. அவ்வளவு நியாயமான ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அந்த வாரச் சனிக்கிழமை வீடு மாற்ற நாள் குறித்தது.

வீடு மாற்றுவதற்குக் கூலி கிடையாது. ஊர் ஆண்கள் எல்லாம் வருவார்கள். மரத்தடி ஆட்டக்காரர்கள்தான் முதல் ஆள். நான் எலுமிச்சையும் வெள்ளரியும் போட்டுப் பன்றிக்கறி ஊறவைத்து, சர்க்கரைவள்ளிப் புட்டு அவித்து வைத்தேன். கூரை ஏறியதும் வாசப்படியில் ஒரு மடக்கு ரம் ஊற்றிவிட்டுச் சாப்பாடு. ரம் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. சும்மா வந்து உழைத்த கைக்குக் குறை சொல்வது அந்தக் கையில் துப்புவதற்குச் சமம் என்று எங்கள் பக்கம் நினைப்பு.

கார்லைல் பழைய இடத்தில் நின்று கழற்றி ஏற்றிவிட்டார். புது இடத்தில் இறக்கிப் பூட்டுகிற பொறுப்பு டாப்பினுக்கு. பலகைகள் குழம்பிவிடக் கூடாது என்று கார்லைல் ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் எண் போட்டிருந்தார். "எப்படிப் பூட்டறது?" என்று டாப்பின் சொல்லி அனுப்பினான். "நம்ம போர்டு மாதிரிதான். ஒண்ணுலேருந்து வரிசையா வை" என்று பதில் வந்தது.

இங்கேதான் சங்கதி. டிராஃப்ட்ஸ் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் எண் உண்டு. எங்கள் மரத்தடியில் மட்டும் ஒரு பழக்கம். ஒவ்வொருவரும் தன் மடிப்பக்கத்திலிருந்துதான் ஒன்று, இரண்டு எண்ணுவார்கள். கார்லைல் என்றைக்கும் மலைக்கு முதுகு காட்டி உட்காருவார். அவருடைய ஒன்று கிழக்கே. டாப்பின் கடலுக்கு முதுகு காட்டி உட்காருகிறவன். அவனுடைய ஒன்று மேற்கே. பலகையில் கை வைத்தால் இரண்டு பேருக்கும் இது குழம்பாது. ஒரு வீட்டையே பலகையாக நினைத்தபோது குழம்பிவிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது வீட்டின் முகப்புக்கு. டாப்பின் அதை மேற்கே வைத்தான்.

பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை. நான் அடுப்படியில். ஒடெஸா அன்றைக்கு ஒரு பெரிய துணி மூட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சூடாக இருக்கிறவள் எப்படிப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பாள்? கட்டிலும் அடுப்புமாகக் கடைசி லாரியில் கார்லைல் வந்து இறங்கும்போது ரம் ஊற்றியாகிவிட்டது, முதல் தட்டு கறியும் காலியாகிவிட்டது. அவருடைய கதவும் இரண்டு ஜன்னலும் ஒடெஸாவின் பின்கதவை மூக்கோடு மூக்காகப் பார்த்துக்கொண்டிருந்தன. கிழக்கே முழுக்கப் பலகை. ஒரு விரல் நுழைய இடுக்கு இல்லை.

அவர் நெடுநேரம் பார்த்தார். டாப்பின் வாய் நிறையப் புட்டோடு, "எப்படி, கேப்டன்?" என்று கேட்டான்.

"நல்லாருக்குப்பா" என்றார் அவர். "கை நேர்த்தி."

எல்காக் சார் மட்டும் என் காதோடு, "ஐவி, கப்பல் தலைகீழா நிக்குது" என்றார்.

"சும்மா இருங்க சார். ரம் ஊத்தியாச்சு."

அடுத்த நாள் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். ஒடெஸா புதிதாகத் தேய்த்த விரிப்பு ஒன்றை மடித்துக் கார்லைலுக்குக் கொடுத்து அனுப்பினாள். வாரம் முழுக்க மேஜையில் கேலிக்குக் குறைச்சல் இல்லை. "கதவைத் திறந்தா மாமியார் வீடு!" என்று ஒருவன். "ஒரே தாழ்ப்பாள்ல ரெண்டு வீடு, சிக்கனம்!" என்று இன்னொருவன். வீடு திரும்பி நிற்கிறதே என்று யாரோ டாப்பினைச் சீண்டியபோது அவன் முகம் சிவந்தது. "போட்ட நம்பர்படிதான் பூட்டினேன். தப்புன்னா அவர் சொல்லட்டும். சொன்னாரா?" என்றான். கார்லைல் குனிந்தபடி ஒரு மூடியை நகர்த்தினார். அறையவில்லை, வெறுமனே நகர்த்தினார். என் பாட்டில்கள் ஒன்றும் கிணுகிணுக்கவில்லை.

அவர் ஏன் சொல்லவில்லை என்றால் டாப்பினுக்காக மட்டும் இல்லை. கிழக்கே ஒரு ஜன்னல் திறந்தால் போதும், காற்று அவர் கட்டிலைத் தாண்டி, கதவைத் தாண்டி, நேராக ஒடெஸாவின் மேஜையில் போய் விழும். இப்போது கதவுக்குக் கதவு ஒரே கோடு, கல்யாணம் ஆனால் இரண்டையும் திறக்காமல் முடியாது.

சனிக்கிழமை காலை ஒடெஸா தலையில் இறுகத் துணி கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். கையில், வெளுக்கவென்று கார்லைல் வீட்டிலிருந்து எடுத்து வந்த அதே விரிப்பு.

"ஐவி, இதைப் பாரு."

"பார்த்தேன். விரிப்பு. வெளுப்பா இருக்கு."

"மடிப்பைப் பாருடி. நான் போன ஞாயிறு போட்ட மடிப்பு கத்தி மாதிரி அப்படியே நிக்குது. ஒரு வாரம் ஒரு மனுஷன் படுத்த துணியா இது? எங்க படுக்கறான் அந்த ஆளு?"

எனக்குத் தெரியும். விடிகாலையில் கடை திறக்கும்போது மணலில் இழுத்து வைத்த படகிலிருந்து இரண்டு பாதம் நீட்டிக்கொண்டிருப்பதை வாரம் முழுக்கப் பார்த்தேன். சொன்னேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைப் பிடிக்கலையோ?"

"பைத்தியம். உன் வீட்டுப் பின்னால நிக்கிற அந்தப் பெட்டியை அவருக்குப் பிடிக்கலை. அதுல காத்து எங்கடி வருது? ராத்திரி எந்திரிச்சு வந்து படகுல விழறாரு."

"காத்து வராதது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?" என்றாள் மெதுவாக. "அந்த ஆளு எனக்காகத்தான் வீட்டைத் திருப்பி வெச்சாருன்னு நினைச்சேன், ஐவி. மனசுக்குள்ள நன்றிகூடச் சொல்லிக்கிட்டேன்."

விரிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மேஜை காலியானதும் கார்லைல் வந்தார். ரம் கேட்கவில்லை, மரப்பட்டை காய்ச்சிய கசப்புத் தண்ணீர் ஒரு கிளாஸ் கேட்டார்.

"ஐவி, திங்கக்கிழமை அந்த லாரிக்காரன் வருவானான்னு கேட்டு வையேன்."

"எதுக்கு?"

"செயின்ட் பிலிப்ல என் தங்கச்சி இருக்கா. அவ இடத்துல கொண்டு போய்ப் போட்டுக்கறேன். எனக்கு அந்த வீட்டுக்குள்ள மூச்சு நிக்குது. பலகையைத் திறந்தா ஒடெஸாவுக்கு மூச்சு நிக்கும். யாராவது ஒருத்தர் நகரணும்ல."

"ஓலை ரெண்டு வாட்டி வாசிச்சாச்சு, கார்லைல்."

"மூணாவது வாசிச்சிட்டா அவளுக்குத்தான் அசிங்கம். நாளைக்கு ஆராதனைக்கு முன்னாடியே போய்ப் பாதிரியார்கிட்ட நிறுத்தச் சொல்லிடறேன்." கிளாஸை வைத்தார். "நான் சொல்ற வரைக்கும் அவகிட்ட ஒண்ணும் பேசாத."

நான் பேசவில்லை. கடை நடத்துகிறவளுக்குக் காது பெரிதாகவும் வாய் சிறிதாகவும் இருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு என் வாய் எனக்கு ரொம்பப் பாரமாக இருந்தது.

ஞாயிறு காலை கார்லைல் சீக்கிரமே போய்க் கோயில் வாசலில் நின்றார். பாதிரியாருக்கு இரண்டு கோயில். இன்னொரு கோயிலில் ஞானஸ்நானம் நீண்டுபோய், மணி அடித்து முடித்த பிறகுதான் வண்டியை நிறுத்தி, அங்கியை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். கார்லைல் ஒரு வார்த்தை பேச இடமில்லாமல் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். ஒடெஸா எனக்குப் பக்கத்தில், முன்னால். கழுத்து அசையவில்லை.

ஓலை வந்தது. "கார்லைல் யியர்வுட், ஒடெஸா ப்ளென்மன் இவ்விருவரும் பரிசுத்த விவாகத்தில் இணையக் கூடாதபடி நியாயமான தடை எதையாவது உங்களில் யாராகிலும் அறிந்திருந்தால், அதை இப்போது சொல்ல வேண்டும். இது மூன்றாம் முறை."

இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. இருமலும் விசிறிச் சத்தமும்தான் பதில். பாதிரியார் அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை வைத்துவிட்டார். பின்வரிசையில் பெஞ்சு கிரீச்சிட்டது. கார்லைல் எழுந்திருக்கப் போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அதற்குள் என் பக்கத்தில் ஒடெஸா எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒரு தடை தெரியும், ஐயா."

விசிறிகள் எல்லாம் நின்றன. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா... மணப்பெண்ணே நீங்கதானே?"

"ஆமாங்க. தடை ஒரு சுவர். அவர் வீட்டுக் கிழக்குச் சுவர். அது அடைச்சிருக்கிற வரைக்கும் நான் அவரைக் கட்டிக்க முடியாது. அவர் மூச்சு முட்டிச் செத்தா, ரெண்டாவது வாட்டி எங்க வீட்டுல சாவு விழும்."

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாப்பின் பாதி எழுந்துவிட்டான். "நம்பர் யாரு போட்டது? நான் போட்ட நம்பரா?"

"டாப்பின் தம்பி, உன் கையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. உன் வேலையில குறை இல்ல. ஒவ்வொரு பலகையும் முத்து மாதிரி சேர்ந்திருக்கு. ஐயா தடை உண்டான்னு கேட்டார். கோயில்ல கேட்டா உண்மையைச் சொல்லணும். சொன்னேன்."

பாதிரியார் எல்காக் சாரைப் பார்த்தார். சந்தேகம் வந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். "சார், சுவர் ஒரு தடைன்னு எடுத்துக்கலாமா?"

எல்காக் சார் எழுந்தார். ஜி, ஹெச் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சுவரு எதுக்குங்க இருக்கு? தடுக்கத்தானே. தடைதான்."

கோயில் முழுக்கச் சிரித்தது. பாதிரியாரும் சிரித்துவிட்டார். "தடையை நீக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரம்பம் இருந்தா ஒரு காலை நேரம்" என்றான் டாப்பின், தரையைப் பார்த்து. அப்புறம் தலையைத் தூக்கினான். "கதவும் வைக்கிறேன், ரெண்டு ஜன்னலும் வைக்கிறேன். கேப்டன் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை."

"உன் ஒண்ணு எந்தப் பக்கம்னு நான்தானே கேட்டிருக்கணும்" என்றது பின்வரிசைக் குரல்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கார்லைல் ஒடெஸாவின் பக்கத்தில் வந்து நின்றார். நான் போய்விடுவது போல இரண்டு அடி வைத்துவிட்டு நின்றுகொண்டேன்.

"திறந்தா நேரா உன் மேஜைக்கு வரும், ஒடெஸா. அதுக்குப் பயந்துதான் நான்..."

"தெரியும். கதவுக்குக் கதவு நேரா இருக்கு. நான் என்ன குருடியா?"

"உங்க அக்கா..."

"எங்க அக்கா காத்துல போனா. அதுக்காகக் காத்தில்லாம இன்னொரு ஆளை அனுப்பிட்டு நான் துணி தேய்ச்சுக்கிட்டு இருக்க முடியுமா?" அவள் கையுறையைச் சரிசெய்தாள். "விடிகாலையில ஆரம்பிச்சு, வெயில் ஏறறதுக்குள்ள தேய்ச்சு முடிச்சிடுவேன். உடம்பு ஆறுற வரைக்கும் கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் திறப்பேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். தாழ்ப்பாள் என் பக்கம்தான். நான் திறந்தாத்தான் காத்து."

"உன் பக்கம்தான்" என்றார் அவர். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐவி, அந்த லாரி..." என்றார்.

"எந்த லாரி?" என்றேன்.

திங்கட்கிழமை டாப்பின் கிழக்குச் சுவரைத் திறந்தான். தன் வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த புது ஜன்னல் இரண்டைக் கொண்டுவந்து பூட்டினான். முடிந்ததும் வாசப்படியில் அவனே மறுபடி ரம் ஊற்றினான். ஒரு வீட்டுக்கு இரண்டு தரம் ரம் ஊற்றியது கன்னர்ஸ் பேயில் அதுதான் முதல்முறை. சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. பெண் உடுத்தியிருந்ததைப் பெண்ணே தேய்த்திருந்தாள். முழங்காலிடும்போது சரசரவென்று சத்தம் கேட்டது.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் காலை. மேஜையில் கார்லைலும் டாப்பினும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்காக் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் இஸ்திரிப் பெட்டியை வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கார்லைல் காயை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ளே, தூக்கமா?" என்றான் டாப்பின். "இப்பத்தான் நல்லா தூங்கறீங்கன்னு கேள்விப்பட்டேனே."

பின்கதவின் தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து ஒடெஸாவின் முன்கதவும் திறந்தது. கிழக்கேயிருந்து வந்த காற்று அவர் ஜன்னலில் நுழைந்து, இரண்டு வீட்டையும் கடந்து, தேய்த்து மாட்டியிருந்த அங்கிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தது. ரோட்டைத் தாண்டி மரத்தடி வரைக்கும் மரவள்ளிக் கஞ்சி வாசனை அடித்தது. டாப்பின் மூக்கை உறிஞ்சினான்.

வாசலில் ஒடெஸா நின்றாள். தலையில் துணி, தோளில் சால்வை. இரண்டு கையாலும் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐவி!" என்று ரோடு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். "என் வாய் நேரா இருக்கா பாருடி!"

"எப்பவும்போலத்தான் இருக்கு!"

"அப்படின்னா கோணல்தான்!" என்றார் கார்லைல், தலையைத் தூக்காமல். மூடியை ஓங்கி ஓர் அறை அறைந்தார். உள்ளே என் பாட்டில்கள் எல்லாம் கிணுகிணுத்தன.

ஒடெஸா சிரித்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலிலேயே, அந்தக் காற்றிலேயே உட்கார்ந்துகொண்டாள்.